விளையாட்டுப் பெட்டியா, கணினியா?

கேம் கொன்சோல் ஒன்றை வாங்குவதா, வீட்டிலுள்ள பழைய கணினியை விளையாட்டுக்கு ஏற்றவாறு திருத்துவதா என்ற கேள்வி ஓர் இலக்கிய மாத இதழில் இடம்பெறத் தக்க விஷயந்தானா என்று நண்பர்கள் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். வன்னியில் காணிப் பிரச்சினை இருக்கிறது. காணாமற் போனோரைத் தேடும் தாய்மாரின் கண்ணீர் இருக்கிறது. குளத்து நீர் கடைசி வயல் வரைக்கும் வந்து சேருமா என்ற கவலை இருக்கிறது. இவற்றுக்கு நடுவே விளையாட்டுச் சாமானைப் பற்றி எழுதப் பேனாவை எடுப்பானேன்? கேள்வி நியாயமானதே. ஆயினும், ஒரு சமூகம் தன் பிள்ளைகளின் கையில் எதைக் கொடுக்கிறது என்பதைப் பார்த்தால், அந்தச் சமூகம் தன் எதிர்காலத்தைப் பற்றி என்ன நினைக்கிறது என்பது விளங்கும். இதை எழுதத் துணிந்ததற்கு அதுவே காரணம்.

விஷயம் என் தங்கையின் வீட்டில் ஆரம்பமாயிற்று. இரணைமடுக் குளத்து வாய்க்கால் பாயும் கிராமம் ஒன்றில் அவள் தையல் வேலை செய்து பிழைக்கிறாள். மூத்தவன் 2009 இல், செட்டிகுளத்து முகாமின் கூடாரமொன்றில் பிறந்தவன். சாதாரண தரப் பரீட்சையை எழுதி முடித்து, உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவுக்குப் போகும் எண்ணத்தில் இருக்கிறான். அவனுக்கு இரண்டு வயது இளையவளாக ஒரு தங்கை. கனடாவில் இருக்கும் சித்தப்பா, பரீட்சை எழுதிய பிள்ளைக்கு ஒன்றரை லட்சம் ரூபா அனுப்புவதாகவும் அவன் விரும்பியதை வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டார். அதிலிருந்து அந்தச் சிறிய வீட்டில் வாக்குவாதம்.

மருமகன் தன் கட்சியைத் தெளிவாகவே சொன்னான். “மாமா, பழைய கொம்பியூட்டரைத் திருத்தத் தொடங்கினா அது முடியாத வேலை. இண்டைக்கு ஒண்டைப் போட்டா நாளைக்கு இன்னொண்டு காணாது. கொன்சோல் எண்டால் கொண்டுவந்து ரீவியில கொழுவினாச் சரி. பாவிச்சதா ஒண்டு எண்டாலும் இந்தக் காசுக்கு எடுக்கலாம்.” தங்கை தையல் யந்திரத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: “அண்ணை, அந்தக் காசுக்கு ஒரு நல்ல கறவை மாடு வாங்கலாம். அது பாலுந் தரும், கண்டும் போடும்.” சின்னவள் கடைசியாக, மெல்லிய குரலில் கேட்டாள்: “கொன்சோல் வாங்கினா நான் அதில என்ன செய்யிறது, மாமா?”

மூவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. எவர் சொன்னதை ஏற்பது என்பதற்கு முன், விளையாட்டு என்பதைப் பற்றிய நம்முடைய மனோபாவத்தைச் சற்றே சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

‘விளையாட்டு வீண் வேலை, படிக்கிற பிள்ளைக்கு அது எதற்கு?’ என்று கேட்கும் ஆசிரியர் கூட்டம் நம்மிடையே பெரியது. நானும் ஆசிரியன், அந்தக் குரலை நன்கு அறிவேன். அந்தக் கட்சியில் நான் இல்லை. ஐக்கிய நாடுகள் சபை 1989 இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமை உடன்படிக்கையின் 31 ஆவது உறுப்புரை, ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று கூறுகிறது. இலங்கை 1991 இல் அதனை ஏற்று உறுதிப்படுத்தியது. உடன்படிக்கை கையெழுத்தான காலத்திலும் அதன் பின்னரும் வன்னிப் பிள்ளைகள் பதுங்குகுழியின் வாயிலில் இருந்து கொட்டைப் பாக்கும் கிளித்தட்டும் விளையாடினார்கள்; விமானத்தின் இரைச்சல் கேட்டதும் ஆட்டத்தை விட்டு உள்ளே குதித்தார்கள். போர் முடிந்து ஊர் திரும்பியபோது, அவர்கள் ஓடியாடிய வெளிகள் பலவற்றில் மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகைகள் நின்றன. முகமாலையில் மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறிக் கண்ணிவெடி எடுக்கும் வேலை எத்தனை ஆண்டுகள் இழுத்தது என்பது நாம் கண்ட விஷயம். இப்படிப்பட்ட மண்ணில் பிறந்த ஒரு பிள்ளை ‘எனக்கு விளையாட வேண்டும்’ என்று சொன்னால், அந்த ஆசைக்குத் தலைவணங்க வேண்டியது பெரியவர்களின் கடமை. ஆகவே, விளையாடலாமா என்பது அங்கே கேள்வியே அன்று. எந்த யந்திரத்தில், எவருடைய நிபந்தனையின் பேரில் விளையாடுவது என்பதுதான் கேள்வி.

மருமகனின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. கொன்சோலின் விலைக்கு, அதே வேகமும் அதே காட்சித் திறனும் கொண்ட கணினியைக் கட்டியெழுப்ப முடியாது என்பது உண்மை. எல்லாப் பெட்டிகளும் ஒரே அமைப்புடையன ஆதலால், விளையாட்டைச் செய்பவர்கள் அந்த ஓர் அமைப்புக்கே அளவெடுத்துத் தைத்துவிடுகிறார்கள். ஐந்தாறு ஆண்டுகளுக்கு உறுப்புகளை மாற்ற வேண்டிய தொல்லை இல்லை. நண்பர்கள் நால்வர் பாயில் அமர்ந்து, ஒரே திரையைப் பார்த்துச் சிரித்து விளையாடவும் அதுவே ஏற்றது. கணினியோ ஒருவன் தனியே நாற்காலியில் குந்தியிருக்கும் யந்திரம். இவ்வளவையும் ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

ஆனால் இந்த மலிவு எங்கிருந்து வருகிறது? கொன்சோல் கம்பனிகள் பெட்டியைச் சொற்ப இலாபத்துக்கோ, சில காலங்களில் நட்டத்துக்கோகூட விற்பதுண்டு. இலாபம் பின்னர் வருகிறது. விற்பனையாகும் ஒவ்வொரு விளையாட்டிலும் கம்பனிக்கு ஒரு பங்கு. அடுப்பை மலிவாக விற்றுவிட்டு, விறகு விற்கும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் வியாபாரம் இது. புதிய பெரிய விளையாட்டு ஒன்றின் விலை அமெரிக்காவில் 70 டொலர். டொலருக்கு 300 ரூபா என்று வைத்தாலும் 21,000 ரூபா. 2025 இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி 2026 ஜனவரியிலிருந்து இலங்கையில் ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபா. கிளிநொச்சி ஆடைத் தொழிற்சாலைக்கு விடியுமுன் பஸ் ஏறும் ஒரு பெண்பிள்ளை அந்தச் சம்பளத்தில் வேலை செய்தால், மூன்று வாரம் உழைத்துத்தான் அந்த ஒரு விளையாட்டை வாங்கலாம். பத்து விளையாட்டு வாங்கினால் விறகின் விலை அடுப்பின் விலையைத் தாண்டிவிடும். இலவசமாகக் கிடைக்கும் சில விளையாட்டுகளைத் தவிர, மற்றவற்றை இணையத்தில் பிறரோடு சேர்ந்து விளையாடுவதற்குப் பிளேஸ்டேஷனில் தனியாகச் சந்தாவும் கட்ட வேண்டும். கணினியில் அத்தகைய பொதுச் சந்தா இல்லை. பழைய கொன்சோல்கள் காலம் செல்லச் செல்ல விலை குறைந்தன. இப்போது அந்த வழக்கமும் மாறிவிட்டது. 2020 நவம்பரில் வெளிவந்த பிளேஸ்டேஷன் 5 இன் விலை, ஏறக்குறைய ஐந்து ஆண்டு கழிந்து 2025 ஒகஸ்டில், அமெரிக்காவில் 50 டொலர் உயர்ந்தது.

இலாபக் கணக்கைவிட என்னைச் சிந்திக்க வைத்தது வேறொரு வரலாறு. 1980 களில் பிரித்தானிய வீடுகளுக்குள் புகுந்த பீ.பீ.சி. மைக்ரோ, ஸெட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் ஆகிய சிறு கணினிகளை இயக்கியதும், ‘கட்டளை எழுது’ என்று காத்து நிற்கும் வெற்றுத் திரையே முதலில் தோன்றும். பிள்ளைகள் அவற்றில் விளையாடினார்கள். விளையாடிச் சலித்தபோது தாமே சிறு விளையாட்டுகளை எழுதினார்கள். 1990 களில் அந்த இடத்தைக் கொன்சோல்கள் பிடித்துக்கொண்டன. கேம்பிரிஜ் சர்வகலாசாலையில் கணினி விஞ்ஞானம் படிக்க விண்ணப்பிக்கும் மாணவரின் நிரல் எழுதும் அனுபவம் ஆண்டுதோறும் குறைந்து வருவதைக் கண்ட எபன் அப்டன் என்பவர், அதற்கான காரணங்களுள் இந்த மாற்றத்தையும் ஒன்றாகக் குறிப்பிட்டார். அந்தக் கவலையின் பயனாகத்தான் 2012 பெப்ரவரி 29 ஆந் திகதி ராஸ்பெரி பை என்ற சின்னஞ்சிறு கணினி, 35 டொலர் விலையில் விற்பனைக்கு வந்தது. ஒரு பிள்ளை அச்சமின்றித் திறந்து, எழுதி, பிழை செய்து பழகக்கூடிய யந்திரம் மறுபடியும் வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

கொன்சோலும் உண்மையில் கணினிதான். அதற்குப் பூட்டுப் போட்டது இயற்கையன்று; உரிமையாளர். 2006 இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 3 இல் லினக்ஸை ஏற்றிக் கணினியாகவும் பாவிக்கலாம் என்று சோனி கம்பனி இடமளித்திருந்தது. அமெரிக்க விமானப்படையின் ஆய்வுகூடம் அந்தப் பெட்டிகளில் ஏறக்குறைய 1,760 ஐ ஒன்றாகப் பிணைத்து 2010 இல் ஒரு மீக்கணினியையே அமைத்தது. அதே 2010 ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாந் திகதி, ஒரு மென்பொருட் புதுப்பிப்பின் மூலம் சோனி அந்த வசதியை நீக்கிவிட்டது. பாதுகாப்பே காரணம் என்றது கம்பனி. புதுப்பிப்பை ஏற்காதவர்கள் இணையச் சேவையை இழக்க வேண்டும். ஏற்றவர்கள் தாம் பணம் கொடுத்து வாங்கிய ஓர் ஆற்றலை இழக்க வேண்டும். அமெரிக்காவில் வாங்கியவர்கள் வழக்குத் தொடுத்து, ஆண்டுகள் பல கழிந்தபின் சிறு தொகையைப் பெற்றார்கள். என் வீட்டு மேசைமேல் இருக்கும் பொருளின் ஆற்றலைக் கடல் கடந்த கம்பனி ஒன்று ஓர் இரவில் எடுத்துவிடலாம் என்றால், அந்தப் பொருள் யாருடையது?

இதிலே நம்முடைய நாட்டின் நிலை இன்னும் விசித்திரமானது. பிளேஸ்டேஷன் இணையச் சேவையில் கணக்குத் திறக்கக்கூடிய நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. பெட்டியைக் கடையில் வாங்கலாம். அதன் இணையக் கடைக்குள் நுழைவதற்கு வேறொரு நாட்டின் பெயரைச் சொல்லிக்கொண்டு போக வேண்டும்! 2024 மே மாதத்தில், ஹெல்டைவர்ஸ் 2 என்ற விளையாட்டைக் கணினியில் விளையாடுவோரும் இந்தக் கணக்கைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று சோனி அறிவித்தது. சேவை இல்லாத 170 க்கு மேற்பட்ட நாடுகளில் அதன் விற்பனையும் நின்றது. வாங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை. உலகெங்கும் இருந்து இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் விற்பனைப் பக்கத்தில் தம் கண்டனத்தை எழுதிக் குவித்தார்கள். சில நாட்களிலேயே கம்பனி அந்த நிபந்தனையைக் கைவிட்டது. விளையாடுவோரும் ஒன்றுபட்டால் பலம் பெறுவர் என்பதற்கு இது ஒரு சான்று. கணினியின் பக்கமும் சொர்க்கமன்று. அங்கும் பெரும்பாலான இணையக் கடைகள் விளையாட்டை விற்பதில்லை. பாவிக்கும் அனுமதியை மட்டுமே விற்கின்றன. ஆனால் அங்கே கடை ஒன்று மூடினால் வேறொரு கடைக்குப் போகலாம். எந்தக் கடைக்கும் போகாமலும் இருக்கலாம். கொன்சோலில் கடையும் காவலாளியும் ஒருவரே.

பூட்டிய யந்திரத்துக்கும் திறந்த யந்திரத்துக்கும் உள்ள பேதத்தை வன்னி மக்களுக்கு யாரும் புத்தகம் கொண்டு விளக்க வேண்டியதில்லை. 1990 முதல் 2002 இன் போர்நிறுத்தம் வரையில் பொருளாதாரத் தடையின் கீழ் கிடந்த மண் இது. பற்றரி வர முடியாது, பெற்றோல் கிடையாது, மண்ணெண்ணெய் அளந்துதான். அந்த நாட்களில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின்சாரம் எடுத்துச் செய்தி கேட்டோம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சையும் சிறிது எண்ணெயையும் விட்டு, அந்த விளக்கின் கீழ் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். மோட்டார் சைக்கிளுக்கு நாலு துளி பெற்றோலைக் காட்டி உயிர்ப்பித்துவிட்டு, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். இவையெல்லாம் எவ்வாறு சாத்தியமாயின? அந்த யந்திரங்களைத் திறக்கலாம். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். வேறு விதமாக நடக்கவும் வைக்கலாம். டைனமோவுக்கு அனுமதிக் கணக்கு இருக்கவில்லை.

கிளிநொச்சியில் கணினி திருத்தும் ஒருவர் இருக்கிறார். அந்தக் காலத்தில் ரேடியோ திருத்தியவர். மருமகனையும் பழைய கணினியையும் அவரிடம் அழைத்துச் சென்றேன். கொன்சோலைப் பற்றி அவரிடம் அபிப்பிராயம் கேட்டான் மருமகன். “தம்பி, கொன்சோலும் வருகுது, காத்தாடிக்குத் தூசு தட்டி, நெருப்புப் பட்ட இடத்துக்கு ஈயம் வைச்சுக் குடுப்பன். ஆனால் உள்ளுக்க இருக்கிற டிஸ்க் ட்ரைவ் போனா வேற ஒண்டைச் சும்மா மாத்திப் போடேலாது. அது அந்தப் பலகையோட சோடி சேர்ந்தது. இந்தப் பழசைப் பார், ஆணி நாலு கழட்டினா எல்லாம் கையில வரும்” என்று சொல்லிக்கொண்டே மூடியைக் கழற்றி, அவன் கையிலேயே திருப்புளியைக் கொடுத்தார்.

திறந்ததும் தெரிந்தவை எல்லாம் மகிழ்ச்சிக்குரியனவாக இருக்கவில்லை. அது ஏதோ ஓர் அலுவலகத்தில் உழைத்துக் களைத்து, வவுனியாக் கடையொன்றின் வழியாக வந்து சேர்ந்த யந்திரம். அதன் மின்வழங்கி 240 வாட் மாத்திரமே. பெரிய கிராபிக்ஸ் கார்டைத் தாங்காது. பலகையின் துளையிலிருந்தே கிடைக்கும் 75 வாட்டில் ஓடக்கூடிய, உயரங் குறைந்த கார்ட் ஒன்றைத்தான் போடலாம், அதுவும் பாவித்தது. சுழலும் பழைய வன்தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. நினைவகத்தைக் கூட்டுவதில்தான் மலைப்பு ஏற்பட்டது. உலகத்தின் பெருங் கம்பனிகள் செயற்கை நுண்ணறிவுக்கான தரவு நிலையங்களுக்கு நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால், 2025 இன் கடைசியில் ராமின் விலை மடங்காக ஏறிவிட்டது. மைக்ரோன் என்ற கம்பனி, சாதாரண மக்களுக்கு நினைவகம் விற்றுவந்த தன் குரூஷியல் வியாபாரத்தையே கைவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. எங்கோ கட்டப்படும் ஒரு நிலையத்தின் பசிக்கு, கிளிநொச்சியில் ஒரு தையற்காரியின் மகன் விலை கொடுக்கிறான். முதலாளித்துவத்தின் சங்கிலி எவ்வளவு நீளமானது என்பதை அன்று அவனுக்குப் பாடப் புத்தகம் இல்லாமலே விளக்க முடிந்தது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. விண்டோஸ் 10 க்கான இலவச ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்ரோபர் 14 ஆந் திகதியுடன் பொதுவாக நிறுத்திக்கொண்டது. புதிய விண்டோஸ் 11, இந்த வயதுடைய யந்திரத்தைத் தன் நிபந்தனைகளுக்குள் சேர்ப்பதில்லை. நல்ல நிலையில் ஓடும் யந்திரத்தைக் குப்பையாக்கும் இந்தத் தீர்ப்புக்கு, திறந்த யந்திரத்தில் மேன்முறையீடு உண்டு. லினக்ஸை ஏற்றினோம். விண்டோஸுக்காகச் செய்த விளையாட்டுகள் பலவற்றை லினக்ஸிலும் ஓட்டுவதற்கான ஏற்பாட்டை வால்வ் கம்பனி 2018 இல் வெளியிட்டிருந்தது, அது கைகொடுத்தது. அடுத்ததாக யூ.பி.எஸ். ஒன்று. 2022 மார்ச்சு முடிவில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2025 பெப்ரவரி 9 ஆந் திகதி, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் நாடு முழுவதும் இருண்டுவிட்டது என்று அமைச்சரே சொன்னார். கொன்சோலானாலும் கணினியானாலும் நம் ஊரில் முதலில் வாங்க வேண்டிய உறுப்பு இதுதான்.

ஒன்றரை லட்சத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் இவ்வாறு கரைந்தது. மிஞ்சியதில் தன் சேமிப்பையும் சேர்த்துத் தங்கை ஒரு நாகு கன்றை வாங்கிக் கட்டினாள். மருமகனுக்குக் கிடைத்தது அவன் கேட்டது அன்று. புதிதாக வரும் பெரிய விளையாட்டுகள் அந்தக் கணினியில் ஓடா. ஐந்து, பத்து ஆண்டுக்கு முந்தியவை ஓடும். கூட்டாளி ஒருவனின் வீட்டில் கொன்சோலைப் பார்த்துவிட்டு வரும் நாட்களில் அவன் முகத்தில் ஏக்கம் தெரியத்தான் செய்கிறது. அந்த ஏக்கத்தைச் சிறியது என்று நான் சொல்லமாட்டேன். அதே சமயம், யந்திரத்தின் ஒவ்வோர் ஆணியையும் அவன் அறிவான். அயலிலுள்ள இரண்டு வீட்டாரின் கணினியைத் திறந்து திருத்தியும் கொடுத்துவிட்டான். 

சின்னவள் கேட்ட கேள்விக்கும் இங்கேதான் விடை கிடைத்தது. கொன்சோல் பெரும்பாலான வீடுகளில் ஆண்பிள்ளையின் சாமான். அண்ணனும் அவன் கூட்டாளிகளும் அமர்ந்திருக்கும் அறைக்குள் தங்கை தேநீர்க் கோப்பையோடு மட்டும் நுழைவாள். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, அந்த வீட்டிலிருந்த ஒரே தொலைபேசியை யார் வைத்துப் படிப்பது என்ற போட்டியில் தோற்றவளும் அவளே. சிக்னல் தேடிக் குளக்கட்டில் ஏறி நின்ற பிள்ளைகளுக்கு நான் பாடம் சொல்லியிருக்கிறேன்; ஆண்பிள்ளைகளே அங்கு அதிகம் நின்றார்கள். கணினி வந்தபின் நேர அட்டவணை ஒன்று எழுதிச் சுவரில் ஒட்டினாள். மாலை ஆறு முதல் எட்டு வரை அவளுடையது. தாயின் தையற் கணக்கை இப்போது அவள்தான் கணினியில் வைத்திருக்கிறாள். யார் யார் கூலி பாக்கி வைத்திருக்கிறார்கள் என்பது முதன்முறையாக ஒழுங்காகத் தெரியவந்தது! நுகர்வுப் பொருளுக்கும் உற்பத்திக் கருவிக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக எனக்குக் காட்டியது வேறில்லை.

யந்திரம் எதுவானாலும் அதில் எதை விளையாடுவது என்ற கேள்வி எஞ்சுகிறது. மருமகன் முதலில் ஏற்றியது ஒரு யுத்த விளையாட்டு. செல் விழும் ஓசை ஒலிபெருக்கியில் எழுந்ததும், தையல் யந்திரத்தின் சத்தம் நின்றது. தங்கை ஒன்றும் பேசாமல் எழுந்துபோய் முற்றத்து வேம்பின் கீழ் நின்றாள். அவன் ஓசையை அணைத்தான். அன்று முதல் காதுக்குக் கருவி மாட்டிக்கொண்டே விளையாடுகிறான். அவனைக் கண்டிக்க எனக்கு நா எழவில்லை. அந்த ஓசையை அவன் கேட்டதில்லை. தாய் வயிற்றில் இருந்தபோது கேட்டிருந்தால்தான் உண்டு. போரை அறியாத தேசங்களில் செய்யப்பட்ட போர் விளையாட்டை, போர் தின்ற மண்ணில் பிறந்த பிள்ளை விளையாடுகிறான். அதிலே அவன் எப்போதும் துப்பாக்கி ஏந்தியவன். குழியில் பதுங்கியிருந்தவள் அந்தக் கதையில் இல்லவே இல்லை.

அவள் உள்ள கதையும் இருக்கிறது. போலந்து நாட்டவர் செய்து 2014 இல் வெளியிட்ட ‘திஸ் வார் ஒவ் மைன்’ என்ற விளையாட்டில் நாம் போர்வீரர் அல்லர். முற்றுகையிட்ட நகரத்தில், இடிந்த வீடொன்றில் உணவும் மருந்தும் இன்றி உயிர்வாழ முயலும் சாதாரண மனிதர். 1992 முதல் 1996 வரை நீடித்த சரயேவோ நகர முற்றுகையே அதற்குத் தூண்டுதல். 2020 இல் போலந்து அரசாங்கம் அதனை உயர் வகுப்பு மாணவருக்கான பாடசாலைப் பரிந்துரைப் பட்டியலிலே சேர்த்தது. நாவல்களுக்குப் பக்கத்தில் ஒரு விளையாட்டு! அதற்குப் பெரிய கிராபிக்ஸ் கார்ட் தேவையில்லை. எங்கள் கணினியில் தாராளமாக ஓடிற்று. இரண்டு இரவு விளையாடிவிட்டு மருமகன் கேட்டான்: “மாமா, இதில வெல்லுறது எப்பிடி?” பதிலை நான் சொல்லவில்லை. “விடியுமட்டும் எல்லாரும் இருந்தாச் சரி” என்றாள், நூலைக் கோத்துக்கொண்டே, அவன் தாய். அன்றிரவு அவர்கள் இருவரும் 2009 ஐப் பற்றி முதன்முறையாக நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்களாம். இலக்கியம் செய்ய வேண்டிய வேலையை ஒரு விளையாட்டுச் செய்தது. அந்தக் கலைவடிவத்தில் நம்முடைய கதையை நாமே எழுத வேண்டுமானால், அதற்கு வேண்டியது எழுதத்தக்க யந்திரம். விளையாட மாத்திரம் விடும் யந்திரம் போதாது.

இதனால் கணினியைப் புண்ணியப் பொருள் என்றும் கொன்சோலைப் பாவப் பொருள் என்றும் பிரித்துவிடலாகாது. இரண்டின் பின்னாலும் மனிதரின் வியர்வை உண்டு. 2013 இல், சீனாவின் யந்தாய் நகரத்திலுள்ள பொக்ஸ்கொன் தொழிற்சாலையில், பயிற்சி என்ற பெயரில் கொண்டுவரப்பட்ட மாணவர்கள் பிளேஸ்டேஷன் 4 செய்யும் இடத்தில் இரவு வேலையிலும் மேலதிக நேர வேலையிலும் ஈடுபடுத்தப்பட்டார்கள். தன் சொந்த விதிகள் மீறப்பட்டதைக் கம்பனியே ஒப்புக்கொண்டது. ஒரு தேசத்தின் மாணவன் தூக்கத்தை இழந்து பூட்டிய பெட்டியில் இன்னொரு தேசத்தின் மாணவன் பொழுதுபோக்குகிறான். கணினியின் உறுப்புகளும் இத்தகைய கைகளிலிருந்துதான் வருகின்றன. வாங்கும் பொருளைக் குறைத்து, வாங்கியதைத் திருத்தித் திருத்தி நீண்ட காலம் பாவிப்பது, அந்தக் கைகளுக்கு நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை.

கொன்சோலுக்கு இடமே இல்லையா? உண்டு, அந்த இடம் தனி வீடு அன்று. நம்முடைய கிராமங்களில் சனசமூக நிலையங்கள் இருக்கின்றன. ஒரு காலத்தில் ஊருக்கு ஒரே வானொலி அங்கே இருந்தது. ஒரே பத்திரிகையை ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்டார்கள். இன்றும் ஊர்ப் பிள்ளைகளின் கரம் பலகையும் கரப்பந்து வலையும் அங்கேதான். நால்வர் சேர்ந்திருந்து விளையாடுவதற்கென்றே அமைந்த பெட்டி, பத்து வீட்டார் பணம் போட்டு வாங்கி, அந்த மண்டபத்தில் வைப்பதற்கே பொருத்தமானது. வட்டில் வரும் விளையாட்டுகளாக வாங்கினால், நூல் இரவல் கொடுப்பது போல ஊருக்கு ஊர் மாற்றிக்கொள்ளவும் முடியும். இத்தனை மணி ஆண்பிள்ளைகளுக்கு, இத்தனை மணி பெண்பிள்ளைகளுக்கு என்று விதி செய்யலாம். விலையில் ஒரு பங்கு மட்டும் ஒரு குடும்பத்தின் தலையில் விழும். பிழைப்புக்கும் படிப்புக்கும் உதவும் கருவி வீடுதோறும் இருக்கட்டும். கூடிக் களிக்கும் கருவி ஊருக்குப் பொதுவாக இருக்கட்டும். எங்கள் ஊர் நிலையத்தின் கூட்டத்தில் இதைச் சொல்லியிருக்கிறேன். முதியவர்கள் சிலர் சிரித்தார்கள். கூட்டத்துக்கு என்றுமே வராத இளைஞர் ஏழு பேர் அன்று வந்திருந்தார்கள்.

ஆசிரியத் தோழர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். வெளிநாட்டுப் பணம் வந்து சேரும் வன்னி வீடுகளில் இந்தக் கேள்வி இனி அடிக்கடி எழும். பிள்ளை வந்து நம்மிடம் கேட்பான். ‘விளையாடாதே, படி’ என்று சொல்லி அனுப்பினால் அவன் மறுமுறை வரமாட்டான். அவனோடு அமர்ந்து கணக்குப் பார்ப்போம். இதன் மூடியைக் கழற்றலாமா? பழுதுபட்டால் நம் ஊரில் திருத்த முடியுமா? இதில் எழுத முடியுமா, பார்க்க மட்டுந்தான் முடியுமா? இந்த வீட்டில் இதைத் தொடாமல் இருக்கப்போவது யார்? விலையைக் கேட்பதற்கு முன் இந்த நான்கு கேள்விகளையும் கேட்கப் பழகிய பிள்ளை, நாளை காணிச் சட்டத்தையும் சம்பளச் சட்டத்தையும் கையில் எடுக்கும்போதும் இவற்றையே கேட்பான்.